இடுப்பளவு மட்டும் கூடியபோது

என் மகளுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவள் வயிற்றில் கட்டி இருப்பதை முதலில் காட்டிக் கொடுத்தது என் இஞ்ச் டேப்தான். நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நான் பயந்தேன், அவ்வளவுதான். பயப்படுவது எனக்குக் கைவந்த வேலை.

கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி போனதும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இழுத்ததில் கழன்றிருக்குமோ என்று இன்னொரு முறையும் வருவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்பாரே என்று ஒரு திங்கட்கிழமை போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பாரே என்று செவ்வாய்க்கிழமை போகவில்லை. அந்த வாரம் முடிவதற்குள், இனி எந்த முகத்தோடு போவது என்று ஆகிவிட்டது. தியாகதுருகத்தில் ஒரு தையல் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அதே தெருவில் எனக்கென்று ஒரு கடை, ஒரு மிஷின், துணி வெட்ட ஒரு மேசை இருக்கின்றன. பெண்களுக்கு ஜாக்கெட், பிள்ளைகளுக்குக் கவுன், யூனிஃபார்ம் தைக்கிறேன்.

எழுதிப் பழக்கம் இல்லாதவன் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் சொல்லப் போனால் வாய் குழறுகிறது.

தீபாவளிக்கு மகளுக்கு ஒரு கவுன் தைத்தேன், பொங்கலுக்கு இன்னொன்று. வளரும் பிள்ளை என்று இடுப்பில் ஒரு இஞ்ச் கூடவே வைத்துத்தான் வெட்டினேன். பொங்கலன்று காலையில் போட்டால், முதுகில் ஹூக் எட்டவில்லை. இரண்டு விரல் இடைவெளி.

என் மனைவி எனக்கு அக்கா மகள். கேலி செய்வதில் பிறந்த வீட்டு உரிமையும் சேர்ந்துகொள்ளும்.

"இன்னா மாமா, ஊருக்கெல்லாம் அளவா தெக்கிற. பெத்த பொண்ணுக்கு மட்டும் தலகாணி உறையாட்டம் தெச்சி வெச்சிருக்கிற?"

"தீபாவளி அளவுக்கு மேல ஒரு இஞ்ச் வுட்டுத்தான் தெச்சேன்."

"புள்ள வளரமாட்டாளா? பொங்கலத் துன்னுட்டு வயிறு முட்டிக்கினு நிக்கிறா."

"காலையில இன்னும் ஒன்னும் துன்னலியே."

"அப்ப உன் டேப்பத் தூக்கிப் போடு. இழுத்து இழுத்து ரப்பராட்டம் ஆயிடுச்சி."

டேப் நீண்டிருந்தால் கவுன் பெரிதாகத்தானே வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் இன்னும் கேலி செய்வாள். மறுநாள் புது டேப் ஒன்று வாங்கி வந்து அளந்தேன். இடுப்பு இருபதிலிருந்து இருபத்திரண்டு ஆகியிருந்தது. தோள் ஒன்பதரை, அப்படியே இருந்தது. கைச் சுற்றளவு கால் இஞ்ச் குறைந்திருந்தது.

இருபது வருடமாக அடுத்தவர் உடம்பை அளக்கிறேன். சதை போட்டால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும். கை இறுக்கும், கழுத்து இறுக்கும், அப்புறம் இடுப்பு. இடுப்பு மட்டும் கூடி, கை குறைந்து நான் பார்த்ததில்லை. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகளுக்கென்று ஒரு கோடு போட்டு எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அளந்து எழுதினேன்.

மனைவி காலை ஆறு மணிக்கெல்லாம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போய்விடுவாள். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பால்வாடியில் விட்டுவிட்டுக் கடை திறப்பது என் வேலை. பொங்கல் கழிந்த இரண்டாம் வாரம், சோப்பு போடும்போது என் கையில் ஏதோ தட்டுப்பட்டது. இடது பக்கம், விலா எலும்புக்குக் கீழே. ஒரு சாத்துக்குடியைத் துணிக்கு அடியில் வைத்துத் தடவினால் எப்படி இருக்கும், அப்படி. அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. மகள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இன்னொருவாட்டி பண்ணு என்றாள்.

அன்றிலிருந்து நான் அமுக்க ஆரம்பித்தேன். காலையில் குளிப்பாட்டும்போது ஒரு முறை. துடைக்கும்போது ஒரு முறை. சாயங்காலம் கடைக்கு அழைத்து வந்து மேசைமேல் உட்கார வைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு முறை. இருந்தால் பயம். பயம் வந்ததும், இப்போது போயிருக்குமோ என்று மறுபடி கை போகும். பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே கைதான். போகவில்லை என்பதோடு, வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டும் வந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கையை வைத்துப் பார்த்தாள். கையை எடுத்துப் பிள்ளையின் சட்டையை இழுத்து விட்டாள்.

"குடலேத்தம்," என்றாள் பிறகு. "பால்வாடில ஊஞ்சல்லேந்து குதிக்கிறா. இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு."

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு வயிறு உப்பினாலும், சோறு இறங்காவிட்டாலும், ஓயாமல் அழுதாலும் குடலேற்றம் என்பார்கள். குதித்ததிலோ விழுந்ததிலோ குடல் இடம் மாறி மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, கட்டை விரலால் நன்றாக அழுத்தி, மேலிருந்து கீழே வழித்து விடுவார்கள். மூன்று நாள் தொடர்ந்து வழிக்க வேண்டும். எனக்கே சின்ன வயதில் வழித்திருக்கிறார்கள். ஒரு ஏப்பம் வரும், சரியாகிவிடும். அதனால் எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. நம்பிக்கை என்பதைவிட, அதுவாகவே இருந்துவிடட்டும் என்ற ஆசை இருந்தது.

கல்வராயன் மலைமேல், கரியாலூருக்கு அந்தப் பக்கம், குடல் வழிப்பதில் கைராசிக்காரர் ஒரு அக்கா இருக்கிறார் என்று மனைவியோடு கிழங்கு பிடுங்கும் பெண்கள் சொன்னார்கள். விடிந்தும் விடியாமல் வண்டியில் கிளம்பினோம். பிள்ளை நடுவில், மனைவி மடியில் விளக்கெண்ணெய்ப் புட்டியும் வெற்றிலை பாக்கும். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வந்ததும் தண்ணீரைப் பார்க்க வண்டியை நிறுத்தச் சொல்லி மகள் அடம் பிடித்தாள். நிறுத்தினேன். மலை வளைவுகளில் குளிர் முகத்தில் அடித்தது. போகிற வழியெல்லாம் பாறைகளின்மேல் கிழங்கு வில்லைகள் காயப் போட்டிருந்தார்கள்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பாயைப் போட்டுப் பிள்ளையைப் படுக்கச் சொன்னார். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துச் சூடாக்கி, வயிற்றின்மேல் தட்டையாக வைத்தார். மகள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே கையை மெதுவாக இடது பக்கம் கொண்டு போனார். அங்கே கை நின்றது. சிரிப்பும் நின்றது. கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இது குடலு இல்ல தம்பி."

"நல்லா பாருக்கா," என்றாள் என் மனைவி. "மூணு நாளு வழிக்கணும்னு சொன்னாங்க. நாங்க தங்கிக்கூட போறோம்."

"குடலுன்னா கை பட்டா நெளியும், ஒதுங்கும். இது எடத்த புடிச்சி குந்திக்கினு இருக்குது. நான் வழிக்க மாட்டேன்."

"இன்னாக்கா, அவ்ளோ தூரத்துலேந்து வந்துட்டு..."

"வந்ததுதான் நல்லதுன்னு வெச்சிக்க. நேரா எறங்கி கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போ. வூட்டுக்குப் போயி சோறாக்கித் துன்னுட்டு போலாம்னு இருக்காத. இந்தா, வெத்தல பாக்க எடுத்துக்க. நான் ஒன்னும் பண்ணல, வாங்க மாட்டேன்."

மனைவி பிள்ளைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் வண்டியைத் திருப்பினேன். அந்த அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவள் காதில் விழாமல் பேசினார்.

"முன்ன ஒருவாட்டி இதே மாதிரி ஒரு புள்ளய இட்டாந்தாங்க. குடலுன்னு நெனச்சிக்கினு மூணு நாளும் நல்லா அழுத்தி வழிச்சி வுட்டேன். மூணாம் நாளு ரத்தமா ஒன்னுக்குப் போச்சி அந்தப் புள்ள. இப்ப இல்ல. என் கையாலதான்னு யாரும் சொல்லல. எனுக்குத் தெரியாதா? யாரையும் அமுக்க வுடாத தம்பி."

நான் தலையை ஆட்டினேன். நான் எத்தனை முறை அமுக்கினேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. முந்தின நாள் மட்டும் ஏழெட்டு முறை இருக்கும்.

இப்போது நினைத்தால், அந்தக் காலை அவர் வழித்துவிட்டு வெற்றிலை பாக்கை வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவனிடம் தன் தப்பைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சொன்னார். எல்லாம் முடிந்து ஒரு நாள் நான் மட்டும் மலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். "நான் இன்னா பண்ணேன் தம்பி, ஒன்னுமே பண்ணலியே," என்றார். அதற்காகத்தான் வந்தேன் என்றேன்.

மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மனைவி இரண்டு முறை கேட்டாள், என்ன என்று. ரோடு சரியில்லை என்றேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ரொம்பச் சின்ன வயது. வயிற்றின்மேல் ஒரே ஒரு முறை, இலேசாகக் கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். அந்த மலை அக்கா கையை எடுத்த மாதிரியே எடுத்தார். பிறகு, பெரியவர்களுக்குக் கட்டுவது போலவே, ஆனால் என் நாலு விரல் அகலத்தில் இருந்த பட்டையைப் பிள்ளையின் கையில் கட்டி பிரஷர் பார்த்தார். இவ்வளவு சின்ன அளவில்கூட அதைத் தைத்து வைத்திருக்கிறார்களே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. பிரஷர் அதிகமாக இருந்தது. சின்னப் பிள்ளைக்குப் பிரஷரா என்று கேட்டேன். கிட்னியில் தொந்தரவு இருந்தால் வரும் என்றார்.

"இது எப்ப தெரிஞ்சது?"

"குளிப்பாட்டறப்ப கையில தட்டுப்பட்டுச்சிங்க."

"முக்காவாசி இப்படித்தான். குளிப்பாட்டறவங்க கையிலதான் முதல்ல தட்டுப்படும். எண்ணெ தடவி வழிச்சாங்களா? சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

"இட்டுக்கினு போனோங்க. அந்த அக்கா வழிக்க மாட்டேன்னுட்டாங்க."

"நல்லவங்க. நீங்க யாராவது அமுக்கிப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொன்னதை அவள் காட்டிக் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சிறுநீர் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் இருந்ததாம். ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் அறையில் இருந்தவர் குழாய் போல் ஒன்றைத் துளி அழுத்தமும் இல்லாமல் வயிற்றின்மேல் நகர்த்தினார். இடது பக்கம் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைத்து வலது பக்கம் பார்த்தார். "இந்தக் கிட்னி நல்லா இருக்குது," என்று என்னிடம் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஒரு நல்ல வார்த்தையை முதலில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

கட்டி இடது கிட்னியிலிருந்து வளர்வது போல் தெரிகிறது, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இன்றைக்கே, என்றார் டாக்டரம்மா. அவரே அங்கே போன் பண்ணிப் பேசினார். கடிதம் எழுதிக் கொடுத்தார். "தூக்கும்போது வயித்துல கை படாம அக்குள்ல புடிச்சித் தூக்குங்க. கட்டிலேந்து குதிக்க விடாதீங்க," என்று மூன்று முறை சொன்னார். என்னைப் போலவே சொன்னதையே சொல்கிறாரே என்று அவர்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். எலவனாசூர்கோட்டை தாண்டும் முன் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டது. எழுந்து போய் மெதுவாகப் போகச் சொன்னேன்.

"இது இன்னா தேரா, மெதுவா உருட்றதுக்கு?" என்றார் கண்டக்டர். "உக்காருய்யா."

"புள்ள வயித்துல கட்டிங்க. குலுங்கக் கூடாதுன்னாங்க."

அவர் மகளைப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த இரண்டு பேரை எழுப்பிவிட்டு எங்களை உட்கார வைத்தார். விழுப்புரம் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால், "அண்ணே, தேரு, தேரு," என்று டிரைவரிடம் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். பஸ்ஸே ஊர்ந்தது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மகளுக்குக் கட்டில் கொடுத்ததும் நர்ஸ் செய்த முதல் வேலை, தலைமாட்டில் ஒரு அட்டையைக் கட்டியதுதான். "வயிற்றை அமுக்கக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அது டாக்டர்களுக்கும், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் வைத்ததாம். எனக்கு அது என்னைப் பார்த்து எழுதியதாகவே பட்டது. அந்த அட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். மகளோ, படிக்கத் தெரியாததால், அது தன் பெயர் என்று பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வார்டு டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும், சத்தமில்லாத குரல். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். எனக்குத் தேதியெல்லாம் வாயில் வராது. அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். புதுச்சேரிக்குக் கிளம்பும் அவசரத்திலும் கடையிலிருந்து அதை எடுத்துப் பையில் போட்டிருந்தேன். இருபது, இருபத்திரண்டு, இருபத்திரண்டரை, இருபத்திமூன்றேகால். பக்கத்திலேயே தோள், கை, தொடை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் எழுதுனது?"

"நான்தாங்க. டெய்லரு."

"எவ்ளோ நாள்ல எவ்ளோ வளர்ந்ததுன்னு நாங்க கேட்டா, கொஞ்சமா வளர்ந்தது, நெறைய வளர்ந்ததுன்னுதான் சொல்வாங்க. இவ்ளோ கரெக்டா யாரும் கொண்டு வந்ததில்ல. ரொம்ப நல்ல வேலை பண்ணியிருக்கீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்ல வேலை என்றதும் என்னால் உட்கார முடியவில்லை.

"நான் அமுக்கிட்டேன் சார்," என்றேன். "டெய்லி. நெறைய வாட்டி. அங்க டாக்டரம்மா கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன்."

அவர் பேனாவை மூடவில்லை. எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது, அதற்குப் பிறகு பிள்ளை வயிற்று வலி என்று அழுதாளா, காய்ச்சல் வந்ததா, வயிறு திடீரென்று வீங்கியதா, சிறுநீர் சிவப்பாகப் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த முறை எல்லா இல்லையும் உண்மை.

"சொன்னது நல்லது. இன்னைக்கு எடுக்குற பெரிய ஸ்கேன்ல அதையும் சேர்த்துத் தேடிப் பார்ப்போம். நீங்க தலகாணி தெப்பீங்களா?"

"உறை தெப்பேன் சார்."

"பஞ்சு உறைக்குள்ள இருக்குற வரைக்கும் பிரச்சினை இல்ல. உறை எங்கயாவது கிழிஞ்சா பஞ்சு வீடு பூரா பறக்கும், பொறுக்கி முடியாது. இந்தக் கட்டிக்கும் ஒரு உறை இருக்கு. அதனாலதான் அமுக்க வேணாங்கறோம்."

"கிழிஞ்சிருக்குமா சார்?"

"ஸ்கேன்ல ஓரளவு தெரியும். முழுசா தெரியறது, ஆபரேஷன் பண்ணி எடுத்தத லேப்ல வெட்டிப் பார்த்த பிறகுதான்."

"கிழிஞ்சிருந்தா?"

"வைத்தியம் அதிகம். வயித்துக்குக் கரண்டு, அதான் கதிர்வீச்சு, வைக்கணும். கஷ்டம்தான். அப்பவும் விட்டுட மாட்டோம்."

மனைவி என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

கட்டி என்ன கட்டி என்று முடிவு செய்வதற்கே அவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிட்னிக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதிலிருந்தும் இந்த வயதில் இப்படிக் கட்டி வருமாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறாம். அதற்காகச் சிறுநீரைத் தனியாகப் பரிசோதித்தார்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று மார்பைப் படம் எடுத்தார்கள். பெரிய ரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நான் ஜாக்கெட்டுக்கு ஒரே அளவை இரண்டு முறை எடுப்பேன். அவர்கள் ஒன்றை மூன்று வழியில் அளந்தார்கள். கிட்னியில் வரும் புற்றுநோய்தான், ஆனால் பிள்ளைகளுக்கு வருவதில் குணமாகக்கூடிய வகை என்று டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அது தெரிந்தோ என்னவோ, சாயங்காலம் திரும்பி வந்து அதே விஷயத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

ஸ்கேனில் உறை ஒழுங்காகவே தெரிகிறது, ஆனால் உறுதி இல்லை என்றார்கள். வாரம் ஒரு ஊசியாக நாலு வாரம் போட்டுக் கட்டியைச் சுருக்கினார்கள். மகளின் முடி கொட்டியது. சுருங்குகிறதா என்று நானே அளக்கட்டுமா, டேப் வயிற்றை ஒன்றும் அமுக்கிவிடாதல்லவா என்று நர்ஸிடம் கேட்டேன். "டேப்ப வார்டுக்குள்ள பார்த்தேன்னா அதால உங்க கையக் கட்டிடுவேன்," என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதில் பக்கத்துக் கட்டில் தாய்மார்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் பிள்ளையை உள்ளே கொண்டு போனார்கள். மதியம் தாண்டி வெளியே கொண்டு வந்தார்கள். இடது கிட்னியோடு கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம், ஒன்று போதும், அதை வைத்தே நூறு வயது வாழலாம் என்றார் ஆபரேஷன் செய்தவர். உறை கிழிந்திருக்கிறதா என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை, லேப் சொல்லட்டும் என்றார். அந்த லேப் ரிப்போர்ட்டுக்காகப் பத்து நாள். மகள் இரண்டாம் நாள் இட்லி கேட்டாள், நான்காம் நாள் நடந்தாள். நான்தான் சோறு இறங்காமல் கிடந்தேன். யார் பேசினாலும் என் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் வந்த அன்று வார்டு டாக்டர் அதை எடுத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். இங்கிலீஷில் இருந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னார். நான் கேட்க வேண்டிய வரி நடுவில் எங்கேயோ இருந்தது.

"உறை முழுசா இருக்கு. எங்கயும் கிழியல. கட்டி வெளிய வரல. கரண்டு வேணாம். ஊசி மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு."

"நான் அமுக்குனது..."

"அதனால ஒன்னும் ஆகல."

"ஒன்னும் ஆகலியா சார்?"

"ஆகல."

மூன்றாவது முறையும் கேட்டேன். சலிக்காமல் அந்த வரியை மறுபடி படித்தார். இன்றைக்கு மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், சோதனைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் ஸ்கேன் சுத்தமாக வருகிறது. ஆனால் எனக்கு எது நினைவுக்கு வந்தாலும் முதலில் வருவது, ஒரே வரியை எனக்காக மூன்று முறை படித்த அந்தக் குரல்தான்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் திரும்பிப் பார்த்தேன். மனைவியைக் காணோம். வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாமே, நல்லதுதானே சொன்னாங்க."

"நானும் அமுக்கனேன் மாமா."

எனக்குப் புரியவில்லை.

"நீ சொன்ன அன்னிலேந்து. உன்ன திட்டிட்டு, நீ அந்தாண்ட போனதும் அமுக்கிப் பாப்பேன். அவ தூங்கறப்ப. நீ மொல்ல அமுக்கியிருப்ப. நான் கொடலு எறங்கட்டும்னு நல்லா அழுத்திட்டேன்."

"அங்க கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீ இல்லன்னுட்டியே. அதுக்கு மேல நான் எப்படி சொல்றது? இங்க நீ ஒத்துக்கினப்பவும் எனுக்கு வாய் வரல. உன் பேச்சிலியே என் தப்பையும் சேத்துக்கினேன்."

இவ்வளவு நாளும் வீட்டில் பயப்படுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, போயி அதையும் சொல்லிட்டு வந்துடலாம். நோட்டுல எழுதிக்கட்டும்."

இருவருமாக உள்ளே போனோம். டாக்டர் மகளின் கட்டிலுக்குத் திரும்பி வந்து கட்டுப் பிரித்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கேஸ் ஷீட்டைத் திறந்து ஒரு வரி எழுதினார்.

"இனிமே எழுதறதுக்கு வேற யாராவது இருக்கீங்களா?" என்றார்.

கட்டிலில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த மகள் கையைத் தூக்கினாள்.

"நானும் அமுக்கனேன் சார். பந்து மாதிரி இருந்துச்சி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எடுத்து, அதையும் எழுதினார்.